மெதுவான ரிக்வெஸ்ட்: நேரம் எங்கே போகிறது என்று கணக்கெடுக்க முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் திறக்க இரண்டு விநாடி ஆகிறது என்று புகார் வந்ததும் சர்வரில் மெமரியைக் கூட்டுவார்கள், ரெடிஸ் (டேட்டாவை மெமரியில் தேக்கி வைக்கும் கருவி) போடுவார்கள், கண்ணில் பட்ட குவெரிக்கெல்லாம் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) சேர்ப்பார்கள். சில நேரம் பலிக்கும். பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே புகார் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான். அந்த இரண்டு விநாடியும் எங்கெங்கே செலவானது என்று வரவு செலவு போல எழுதி, கணக்கில் வராத மிச்சம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வரும்வரை கோடில் கை வைக்கக் கூடாது. அந்தக் கணக்கை எப்படி எடுப்பது, எந்த எண் எதைக் காட்டும், எந்த எண் ஏமாற்றும் என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்குப் பரவலாகப் புழங்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: லினக்ஸ் சர்வர், முன்னால் பிரவுசரின் ரிக்வெஸ்டை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் குனிகார்ன் என்ற அப்ளிகேஷன் சர்வரின் வொர்க்கர்களில் (ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பிராசஸ்கள்) ஓடும் ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க், தனி மெஷினில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். நீங்கள் லாராவெலோ ரெயில்ஸோ பயன்படுத்தினால் கருவிகளின் பெயர் மாறும், கணக்கு முறை மாறாது.

எந்த ரிக்வெஸ்டைப் பிடிப்பது

முதலில் சராசரியை நம்புவதை விடுங்கள். நூறு ரிக்வெஸ்டில் 95க்கு 100 மில்லிசெகண்டும் 5க்கு 4 விநாடியும் ஆனால் சராசரி 295 மில்லிசெகண்ட். அந்த நூறு பேரில் ஒருவர்கூட 295 மில்லிசெகண்டை அனுபவிக்கவில்லை. நடு மதிப்பு, 95ஆம் சதமானம் (நூறில் 95 ரிக்வெஸ்ட் இந்த நேரத்துக்குள் முடிந்தது என்ற எண்), 99ஆம் சதமானம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நடு மதிப்பு நன்றாக இருந்து 99ஆம் சதமானம் மட்டும் எகிறினால், டேட்டாபேஸ் பூட்டுக்கான (lock) காத்திருப்பு, வொர்க்கர் வரிசை, டேட்டா அதிகமுள்ள சில வாடிக்கையாளர்கள் என்று அந்தத் திசையில் தேட வேண்டும். நடு மதிப்பே மோசமென்றால் எல்லாருக்கும் பொதுவாக நடக்கும் வேலையில் கோளாறு. இன்னொன்று, நான்கு சர்வர்களின் 99ஆம் சதமானங்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. மூல எண்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் சதமானம் எடுக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் எத்தனை முறை வந்தது, சராசரியாக எவ்வளவு நேரம் பிடித்தது என்ற இரண்டையும் பெருக்குங்கள். இங்கே சராசரி சரியான கருவி, ஏனென்றால் நமக்கு வேண்டியது மொத்தம். ஒரு நாளில் 20 முறை ஓடும் 8 விநாடி ரிப்போர்ட் சர்வரிடமிருந்து வாங்குவது 160 விநாடி. 50,000 முறை வரும் 400 மில்லிசெகண்ட் பட்டியல் பக்கம் வாங்குவது 20,000 விநாடி. ரிப்போர்ட்தான் எல்லார் கண்ணையும் உறுத்தும், ஆனால் சர்வரைத் தின்பது பட்டியல் பக்கம். அதற்காக ரிப்போர்ட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அந்த 20 பேரில் ஒருவர் மாதக் கணக்கு முடிக்கும் ஆளாக இருக்கலாம். எதை எதற்காகத் திருத்துகிறோம் என்ற தெளிவு வேண்டும், அவ்வளவே.

யூஆர்எல்லைத் தொகுக்கும்போது அதிலுள்ள ஆர்டர் எண், யூசர் எண் போன்றவற்றை எடுத்துவிட்டு அச்சு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஒரே பக்கம் பல்லாயிரம் வரிகளாகச் சிதறி, பட்டியலின் அடியில் ஒளிந்துகொள்ளும்.

வாசலில் எடுக்கும் அளவு

என்ஜின்எக்ஸ் இயல்பாக எழுதும் ஆக்சஸ் லாகில் நேரமே இருக்காது. லாக் ஃபார்மட்டில் நான்கு மாறிகளைச் சேர்க்க வேண்டும்: ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் கனெக்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ஹெடர் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம். அப்ஸ்ட்ரீம் என்பது பின்னால் இருக்கும் குனிகார்ன். கனெக்ட் டைம் அதோடு இணைய ஆன நேரம், ஹெடர் டைம் அதன் பதிலின் தலைப்பு வந்துசேர ஆன நேரம். நான்கும் விநாடிக் கணக்கில், மில்லிசெகண்ட் துல்லியத்தோடு வரும்.

ரிக்வெஸ்ட் டைம் என்பது பிரவுசரிடமிருந்து முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி முடித்து லாக் எழுதும்வரை. அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் என்பது குனிகார்னோடு கழிந்த நேரம் மட்டும். முதலாவது 6 விநாடி, இரண்டாவது 0.2 விநாடி என்றால் உங்கள் கோடில் குற்றமில்லை. பலவீனமான மொபைல் இணைப்பில் இருக்கும் ஒருவர் பெரிய பதிலை மெல்ல இறக்கிக்கொண்டிருக்கிறார், அல்லது பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருக்கிறார். மருந்து பதிலின் அளவைக் குறைப்பதும் கம்ப்ரஷன் போடுவதும்தான், டேட்டாபேஸில் தேடிப் பயனில்லை.

அதே லாகில் 499 என்ற நிலை எண்ணைத் தனியாக எண்ணுங்கள். சர்வர் பதில் தருவதற்குள் பிரவுசர் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். பொறுமை இழந்து போனவர்களின் எண்ணிக்கை அது. 504 என்றால் என்ஜின்எக்ஸ் காத்திருந்து கைவிட்டது, அதன் ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. குனிகார்னின் வொர்க்கர் டைம்அவுட் 30 விநாடி என்பதால் சிங்க் வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வகை) அதற்கு முன்பே கொல்லப்பட்டு 502 ஆகத் தெரியும். ஆக, மிக மெதுவான ரிக்வெஸ்ட்கள் 200 என்ற வெற்றி நிலையில் இருக்கவே மாட்டா. 200 வரிகளை மட்டும் வடிகட்டி சதமானம் எடுத்தால் மோசமானவை அனைத்தும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இங்கே ஒரு மறைவான இடம் உண்டு. எல்லா வொர்க்கரும் வேலையில் இருக்கும்போது புதிய இணைப்பை லினக்ஸின் மையமான கெர்னல் ஏற்றுக்கொண்டு வரிசையில் நிறுத்திவிடும். அதனால் அப்ஸ்ட்ரீம் கனெக்ட் டைம் பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்கும். காத்திருந்த நேரமெல்லாம் ஹெடர் டைமில் கலந்து, ஜாங்கோ மெதுவாக இருப்பது போன்ற தோற்றத்தைத் தரும். ஜாங்கோவைக் கேட்டால் அது தன் கைக்கு வந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்கும், காத்திருப்பு அதற்குத் தெரியாது. இதைப் பிரித்தெடுக்க, என்ஜின்எக்ஸிலிருந்து தற்போதைய நேரத்தை ஒரு ஹெடரில் வைத்து அனுப்புங்கள். எக்ஸ் ரிக்வெஸ்ட் ஸ்டார்ட் என்ற பெயர்தான் வழக்கம். அப்ளிகேஷன் அதைத் தன் கடிகாரத்திலிருந்து கழித்தால் வரிசையில் நின்ற நேரம் கிடைக்கும். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் இந்தக் கழித்தல் நம்பகமானது. தனித்தனி மெஷின் என்றால் கடிகார வித்தியாசம் சில மில்லிசெகண்ட் பிழை தரும்.

அப்ளிகேஷனுக்குள் ஒரு மிடில்வேர்

ஜாங்கோவில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அதன் பதிலும் கடந்துபோகும் கோடுக்கு மிடில்வேர் என்று பெயர். அந்த மிடில்வேர் பட்டியலில் முதலாவதாக உங்கள் சொந்த மிடில்வேர் ஒன்றை வையுங்கள். நாற்பது ஐம்பது வரிக்குள் முடியும். அது எடுக்க வேண்டியவை இவை.

சுவர்க் கடிகார நேரம்: பைத்தானின் பெர்ஃப் கவுண்டர் கொண்டு ரிக்வெஸ்ட் நுழைந்தது முதல் பதில் வெளியேறும்வரை.

சிபியு நேரம்: த்ரெட் டைம் என்ற ஃபங்ஷன். பிராசஸ் டைமைப் பயன்படுத்தாதீர்கள், ஒரே பிராசஸில் பல த்ரெட் ஓடினால் அது எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும்.

டேட்டாபேஸ் நேரமும் குவெரி எண்ணிக்கையும்: ஜாங்கோவின் கனெக்‌ஷனில் எக்ஸிக்யூட் ராப்பர் என்ற வசதி 2.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு குவெரியும் உங்கள் ஃபங்ஷன் வழியாகப் போகும், நீங்கள் எண்ணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். டீபக் நிலையை இயக்காமலே இது வேலை செய்யும் என்பதால் புரொடக்‌ஷனில் வைக்கலாம். டீபக் இயங்கினால் ஜாங்கோ ஒவ்வொரு குவெரியையும் மெமரியில் சேமித்து வைக்கும், அந்த நிலையில் எடுத்த அளவுகளைப் புரொடக்‌ஷனோடு ஒப்பிட முடியாது.

வெளிச் சேவை நேரம்: பேமெண்ட், எஸ்எம்எஸ், கூரியர் போன்ற ஏபிஐ அழைப்புகளைச் சுற்றி ஒரு டைமர்.

இவற்றை யூஆர்எல் அச்சு, யூசர் எண், பதிலின் பைட் அளவு ஆகியவற்றோடு ஒரே லாக் வரியாக எழுதுங்கள். சர்வர் டைமிங் என்ற ஹெடரிலும் வைத்தால் குரோமின் நெட்வொர்க் பலகையில், அந்த ரிக்வெஸ்டின் டைமிங் பகுதியிலேயே உங்கள் எண்கள் தெரியும். அந்த ஹெடரை ஊழியர் லாகினுக்கு மட்டும் காட்டுங்கள். பொதுவில் விட்டால், நேர வித்தியாசத்தை வைத்து உள்விவரம் ஊகிக்க வழி கொடுத்துவிடுவோம்.

ஸ்ட்ரீமிங் பதில்களுக்கு மட்டும் இந்த மிடில்வேர் ஏமாறும். பதிலின் உடல் மிடில்வேர் முடிந்த பிறகுதான் உருவாகும் என்பதால் பெரிய சிஎஸ்வி டவுன்லோட் 5 மில்லிசெகண்ட் என்று காட்டும்.

கணக்கை வாசிப்பது

விளக்கத்துக்காக ஒரு கணக்கை அமைப்போம். ஆன்லைன் கடை ஒன்றின் ஆர்டர் பட்டியல் பக்கம், ஒரு பக்கத்துக்கு 50 ஆர்டர்.

என்ஜின்எக்ஸ் சொல்லும் மொத்தம் 1840 மில்லிசெகண்ட். அதில் அப்ஸ்ட்ரீம் 1790. மிடில்வேர் சொல்வது 1420. அதற்குள் டேட்டாபேஸ் 640, குவெரிகள் 151. வெளிச் சேவை 310. சிபியு 390. கூட்டினால் 1340. உள்ளே மிச்சம் 80.

50 மில்லிசெகண்ட் பிரவுசருக்கு அனுப்புவதில் போனது. 1790லிருந்து 1420ஐக் கழித்தால் 370, அது வரிசைக் காத்திருப்பு. கையில் இத்தனை பகுதிகள் வந்துவிட்டால் எங்கே இறங்குவது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

80 மில்லிசெகண்ட் மிச்சத்தையும் சும்மா விட வேண்டாம். எக்ஸிக்யூட் ராப்பர் குவெரி ஓடும் நேரத்தை மட்டும்தான் பார்க்கும், டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்தும் நேரத்தைப் பார்க்காது. ஜாங்கோவில் கனெக்‌ஷன் மேக்ஸ் ஏஜ் அமைப்பின் இயல்பு மதிப்பு 0, அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது இணைப்பு. டிசிபி கைகுலுக்கல், டிஎல்எஸ், ஸ்க்ராம் பாஸ்வேர்டு சரிபார்ப்பு, போஸ்ட்கிரஸ் பக்கம் ஒரு புதிய பிராசஸ் எல்லாம் ஒவ்வொரு முறையும் நடக்கும். அதை 60 விநாடியாக மாற்றிப் பாருங்கள். மிச்சம் சுருங்கினால் காரணம் உறுதி. அப்படி மாற்றும்போது சர்வர்களின் எண்ணிக்கையையும் வொர்க்கர்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, போஸ்ட்கிரஸின் அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கைக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன் இயல்பு மதிப்பு 100.

டேட்டாபேஸ் பகுதி

151 குவெரி என்ற எண்ணே பாதி விடையைச் சொல்கிறது. பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் முகவரிக்கு ஒன்று, பொருட்களுக்கு ஒன்று, டெலிவரி விவரத்துக்கு ஒன்று. 50 ஆர்டருக்கு 150. என் பிளஸ் ஒன் (N+1) என்று எல்லாரும் அறிந்த கோளாறுதான், ஆனாலும் புரொடக்‌ஷனுக்கு வந்த பிறகே தெரிகிறது. காரணம் எளிது. டெவலப்பரின் லேப்டாப்பில் டேட்டாபேஸ் அதே மெஷினில் இருக்கிறது, போய்வரும் நேரம் மிகக் குறைவு. டெஸ்ட் டேட்டாவில் நான்கு ஆர்டர்தான் இருக்கும். புரொடக்‌ஷனில் ஒவ்வொரு குவெரியும் நெட்வொர்க்கைக் கடக்க வேண்டும். குவெரி ஒவ்வொன்றும் வேகமாகவே ஓடுவதால் மெதுவான குவெரி லாகிலும் சிக்காது.

எந்த வரி இந்தக் குவெரிகளை எழுப்புகிறது என்று காண டெவலப்மெண்டில் ஜாங்கோ டீபக் டூல்பார் போதும். ஒரே மாதிரி குவெரிகளை அது தொகுத்துக் காட்டும், எழுப்பிய வரியையும் காட்டும். ஹெச்டிஎம்எல் பக்கத்தில்தான் தன் பலகையை ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஜேசன் ஏபிஐகளுக்கு சில்க் என்ற கருவி வசதியாக இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி வியூவில் இருக்காது. டெம்ப்ளேட்டின் லூப்புக்குள்ளோ சீரியலைசரின் ஏதோ ஒரு ஃபீல்டிலோ மாடலின் ப்ராபர்ட்டி ஒன்றிலோ இருக்கும்.

ஃபாரின் கீ, ஒன்றுக்கு ஒன்று உறவுகளுக்கு செலக்ட் ரிலேட்டட். அது ஜாயின் போட்டு இரண்டு டேபிளையும் ஒரே குவெரியில் எடுக்கும். பல உறவுகளுக்கும் தலைகீழ் உறவுகளுக்கும் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். அது தனிக் குவெரி ஒன்றில் எல்லா ஐடிகளையும் சேர்த்துக் கேட்கும். நம் பக்கத்தில் முகவரி ஜாயினில் சேர்ந்துவிடும், பொருட்களுக்கும் டெலிவரிக்கும் தலா ஒன்று. 151 என்பது 3 ஆகிவிடும்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. ப்ரீஃபெட்ச் செய்துவிட்டு, லூப்புக்குள் அந்த உறவின்மேல் ஃபில்டரோ ஆர்டர் பையோ போட்டால் ஜாங்கோ சேமித்து வைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய குவெரி போடும். இப்போது பழைய 50ம் உண்டு, ப்ரீஃபெட்ச்சுக்கான ஒன்று கூடுதல். ஃபில்டரை ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டுக்குள் கொண்டுபோய்த் தனிப் பெயரில் வைப்பதுதான் வழி.

குவெரி எண்ணிக்கை குறையும்போது சிபியு நேரமும் குறைவதைக் காண்பீர்கள். ஒவ்வொரு குவெரிக்கும் எஸ்க்யூஎல்லைக் கட்டுவதும் டேபிளின் வரிசைகளை (rows) ஆப்ஜெக்டாக்குவதும் பைத்தான் வேலை. ஆகவே என் பிளஸ் ஒன்னைத் தீர்க்காமல் சிபியு பகுதியில் இறங்காதீர்கள்.

150 சிறு குவெரிகள் போனபின் மிஞ்சியிருப்பது 240 மில்லிசெகண்ட் எடுக்கும் முதன்மைக் குவெரி. இதற்கு, குவெரியை எந்தத் திட்டப்படி ஓட்டுகிறது என்று காட்டும் போஸ்ட்கிரஸ் கட்டளையான எக்ஸ்ப்ளெயின் வேண்டும். அனலைஸ், பஃபர்ஸ் இரண்டு விருப்பங்களையும் சேர்த்தே ஓட்டுங்கள், ஜாங்கோவில் குவெரிசெட்டின்மேல் எக்ஸ்ப்ளெயினை அழைத்தும் செய்யலாம். அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டும். அப்டேட், டெலீட் குவெரிகளை டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யாவிட்டால் டேட்டா போய்விடும். மதிப்புகளையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பத்து ஆர்டர் உள்ள யூசருக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. 99ஆம் சதமானத்தில் இருப்பவர் பல்லாயிரம் ஆர்டர் போட்ட மொத்த வியாபாரி. நம் மிடில்வேர் யூசர் எண்ணை லாக் செய்வது அவரைக் கண்டுபிடிக்கத்தான்.

திட்டத்தை வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மதிப்பிட்ட வரிசை எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள இடைவெளி. ஒரு வரிசை வரும் என்று நினைத்து நெஸ்டட் லூப்பை (ஒவ்வொரு வரிசைக்கும் மற்ற டேபிளில் ஒருமுறை தேடும் முறை) தேர்ந்தெடுத்திருக்கும், வந்தது 48,000 ஆக இருக்கும். அந்த டேபிளுக்கு அனலைஸ் என்ற தனிக் கட்டளையை ஓட்டிப் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தாலே சில நேரம் சரியாகிவிடும். ஒன்றையொன்று சார்ந்த இரண்டு காலங்களால் (டேபிளின் columns) வரும் தவறு என்றால் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உதவும். அடுத்து லூப்ஸ் எண். திட்டத்தில் ஒரு படிக்கு 0.05 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கும், அது ஒரு சுற்றுக்கான சராசரி. லூப்ஸ் 4000 என்றால் உண்மையான செலவு 200 மில்லிசெகண்ட். ஃபில்டரால் நீக்கிய வரிசைகள் என்ற எண் மிகப் பெரிதாக இருந்தால் தேவையில்லாததைப் படித்துத் தள்ளுகிறது என்று பொருள். சார்ட் படியில் டிஸ்க் என்று இருந்தால் வொர்க் மெம் (வரிசைப்படுத்தல் போன்ற ஒரு படிக்குத் தரப்படும் மெமரி) போதவில்லை, அதன் இயல்பு மதிப்பு 4 எம்பி. பஃபர்ஸ் பகுதியில் ஹிட் என்பது மெமரியில் கிடைத்த பக்கங்கள், ரீட் என்பது வெளியிலிருந்து எடுத்தவை. ஒரு பக்கம் 8 கேபி. முதல் ஓட்டத்தில் ரீட் அதிகமாகவும் இரண்டாவதில் ஹிட் மட்டுமாகவும் இருந்தால், நீங்கள் அளந்தது சூடான கேஷை. யூசர் அனுபவித்தது முதல் ஓட்டத்தை.

நம் குவெரி ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களைத் தேதி வாரியாக இறங்குவரிசையில் கேட்கிறது. வாடிக்கையாளர் எண், தேதி என்ற வரிசையில் இரண்டு காலத்தையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் போட்டால் தேடலும் வரிசைப்படுத்தலும் ஒன்றாக முடியும். சமமாக ஒப்பிடும் காலம் முன்னால், வரம்போ வரிசையோ கேட்கும் காலம் பின்னால் வர வேண்டும். மாற்றிப் போட்டால் இண்டெக்ஸ் இருந்தும் பயன் மிகக் குறைவு.

இண்டெக்ஸ் இருந்தும் போஸ்ட்கிரஸ் சீக்வென்ஷியல் ஸ்கேன் (டேபிள் முழுவதையும் படிப்பது) செய்தால் குவெரியின் வடிவத்தைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராத ஜாங்கோவின் ஐஎக்ஸாக்ட் தேடல் காலத்தை அப்பர் ஃபங்ஷனுக்குள் வைத்து ஒப்பிடும், வெறும் காலத்தின் மேலுள்ள இண்டெக்ஸ் அதற்கு உதவாது. அப்பர் கோவையின் மேலேயே இண்டெக்ஸ் போட வேண்டும். ஐகன்டெய்ன்ஸ் இன்னும் ஒரு படி மேலே, நடுவில் தேடும். இயல்பான இண்டெக்ஸ் வகையான பீட்ரீ எதுவும் அதற்குப் பயன்படாது. பிஜி டிரைகிராம் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, அதே அப்பர் கோவையின் மேல் ஜின் வகை இண்டெக்ஸ் அமைக்க வேண்டும். அப்பரை மறந்துவிட்டு டிரைகிராம் இண்டெக்ஸ் போட்டவர்கள், இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று அதையே கைவிட்டுவிடுகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் சாதாரண கிரியேட் இண்டெக்ஸ், அதில் எழுதுவதை நிறுத்திவிடும். கன்கரண்ட்லி சேர்த்துச் செய்யுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது என்பதால் ஜாங்கோ மைக்ரேஷனில் அட்டாமிக்கை அணைக்க வேண்டும். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பின்தங்கி நிற்கும், குவெரிக்கு உதவாமல் டேபிளில் எழுதுவதை மட்டும் மெதுவாக்கும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி முயல வேண்டும்.

பக்க எண்களும் கவனிக்க வேண்டியவை. மொத்தம் எத்தனை பக்கம் என்று காட்ட பேஜினேட்டர் போடும் கவுண்ட் குவெரி, பெரிய டேபிளில் பட்டியலைவிட அதிக நேரம் எடுக்கும். ஆஃப்செட் 1,00,000 என்றால் அத்தனை வரிசையையும் படித்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த 50ஐத் தரும். கடைசியாகப் பார்த்த தேதியையும் ஐடியையும் வைத்து அடுத்ததைக் கேட்கும் முறைக்கு மாறினால் இரண்டும் தீரும்.

மொத்த டேட்டாபேஸையும் பார்க்க ஒவ்வொரு வகைக் குவெரிக்கும் ஆன நேரத்தைக் கூட்டி வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் இன்றியமையாதது. அதைப் போஸ்ட்கிரஸ் தொடங்கும்போதே ஏற்ற வேண்டும், அதற்கு ஒருமுறை ரீஸ்டார்ட் தேவை. மொத்த நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், சராசரிப்படி வேண்டாம். தலா 2 மில்லிசெகண்டில் லட்சக்கணக்கில் ஓடும் குவெரி அப்போதுதான் மேலே வரும்.

குவெரி தனியாக ஓட்டினால் வேகம், அப்ளிகேஷனில் மட்டும் மெதுவு என்றால் பூட்டை (lock) சந்தேகியுங்கள். லாக் லாக் வெயிட்ஸ் (log_lock_waits) அமைப்பை இயக்கினால், டெட்லாக் டைம்அவுட்டான 1 விநாடியைத் தாண்டும் காத்திருப்புகள் பதிவாகும். பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் யார் யாரைத் தடுக்கிறார் என்று சொல்லும். வழக்கமாகக் காணும் காரணம், டிரான்சாக்‌ஷனைத் திறந்து ஒரு வரிசையை அப்டேட் செய்துவிட்டு, கமிட் செய்வதற்கு முன் பேமெண்ட் ஏபிஐயை அழைப்பது. அந்த ஏபிஐ 3 விநாடி எடுத்தால் அந்த வரிசை 3 விநாடி பூட்டிக்கிடக்கும்.

வெளிச் சேவைக்குப் போன 310 மில்லிசெகண்ட்

இங்கே வேலை குறைவு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது, நீங்கள் கொடுக்காவிட்டால் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். கொடுத்தாலும் ரீட் டைம்அவுட் என்பது அடுத்தடுத்த பைட்களுக்கு இடையிலான பொறுமை மட்டுமே, மொத்த நேரத்துக்கான வரம்பு ஆகாது. ஒவ்வொரு அழைப்புக்கும் புது இணைப்பைத் திறக்காமல் செஷனை வைத்துக்கொண்டால் டிஎல்எஸ் கைகுலுக்கல் மிச்சமாகும். பதில் யூசருக்கு உடனே தேவையில்லை என்றால் அழைப்பையே செலரி போன்ற பின்னணி வேலை வரிசைக்குத் தள்ளிவிடலாம். டெலிவரி நிலையைப் பட்டியல் பக்கத்தில் நேரலையாகக் கேட்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

சிபியு: ப்ரொஃபைலரை எடுக்கும் நேரம்

சுவர் நேரமும் சிபியு நேரமும் நெருங்கி நிற்கும்போதுதான், எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று காட்டும் கோட் ப்ரொஃபைலருக்கு வேலை. 1420ல் 390 என்ற நிலையில் ப்ரொஃபைலரை முதலில் எடுத்திருந்தால் காத்திருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாத படம் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

பைத்தானோடு வரும் சிப்ரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் பதிவு செய்யும். அந்தப் பதிவுக்கே நேரம் செலவாவதால், லட்சம் முறை அழைக்கப்படும் சின்ன ஃபங்ஷன்கள் உள்ளதைவிடப் பூதாகரமாகத் தெரியும். எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று அறிய நல்லது, எவ்வளவு நேரம் என்பதற்கு அரைகுறை. புரொடக்‌ஷனுக்கு பை-ஸ்பை ஏற்றது. ஓடும் பிராசஸில் எதையும் மாற்றாமல், வெளியிலிருந்தே இயல்பாக விநாடிக்கு 100 முறை அதன் ஸ்டாக்கை (அந்தக் கணத்தின் ஃபங்ஷன் அழைப்புச் சங்கிலி) படம் பிடிக்கும். வொர்க்கரின் பிராசஸ் எண்ணைக் கொடுத்து 60 விநாடி பதிவு செய்தால் 6000 மாதிரிகள் கிடைக்கும். மாஸ்டர் பிராசஸின் எண்ணைக் கொடுத்துவிட்டு வெற்றுப் படத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டாக்கருக்குள் ஓட்ட சிஸ் பிட்ரேஸ் அனுமதி தர வேண்டும்.

பை-ஸ்பை இயல்பாகச் சும்மா இருக்கும் த்ரெட்களை விட்டுவிடும். டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் த்ரெட்டும் அதன் கணக்கில் சும்மா இருப்பதுதான். காத்திருப்பையும் படத்தில் காண ஐடில் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சி மொழியில் எழுதிய நீட்சிகளுக்குள் பார்க்க நேட்டிவ்.

வரும் படம் ஃபிளேம் கிராஃப். பிரெண்டன் கிரெக் 2011ல் உருவாக்கிய வடிவம். அகலம் என்பது அந்த ஃபங்ஷன் எத்தனை மாதிரிகளில் இருந்தது என்பது. இடமிருந்து வலமாக நேரம் ஓடுவதாக வாசிப்பது பரவலான தவறு, பெட்டிகள் பொதுவாக அகரவரிசையில்தான் அடுக்கப்படும். அழைப்புச் சங்கிலியின் நுனியில் அகலமாக நிற்கும் பெட்டிகளைத் தேடுங்கள், உண்மையில் சிபியுவை எரிப்பவை அவைதான்.

ஜாங்கோ அப்ளிகேஷன்களில் அந்த நுனியில் அடிக்கடி தெரிபவை மாடல் ஆப்ஜெக்ட் உருவாக்கமும் ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் சீரியலைசரும். 40 காலம் உள்ள மாடலில் 5 மட்டும் தேவையென்றால் வேல்யூஸ் கொண்டு அவற்றை மட்டும் எடுங்கள். லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு ஹாஷிங் அகலமாகத் தெரிந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஜாங்கோ 5.1ல் அது இயல்பாக 8,70,000 சுற்றுகள் ஓடுகிறது. திருடியவர் கையில் டேபிள் சிக்கினாலும் எளிதில் உடைக்க முடியாதபடி வேண்டுமென்றே வைத்த தாமதம்.

வரிசையில் நின்ற 370 மில்லிசெகண்ட்

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. லிட்டிலின் விதிப்படி, விநாடிக்கு வரும் ரிக்வெஸ்டை ஒன்றுக்கு ஆகும் விநாடியால் பெருக்கினால் ஒரே நேரத்தில் எத்தனை வொர்க்கர் வேலையில் இருப்பார்கள் என்று வரும். 4 கோர் மெஷினில் குனிகார்ன் ஆவணம் சொல்லும் கோர் எண்ணிக்கை இரு மடங்கு கூட்டல் ஒன்று என்ற கணக்கில் 9 வொர்க்கர். விநாடிக்கு 6 ரிக்வெஸ்ட், ஒன்றுக்கு 1.42 விநாடி என்றால் சராசரியாக 8.5 வொர்க்கர் எப்போதும் வேலையில். கொஞ்சம் கூட்டம் கூடினாலே வரிசை நீளும். குவெரிகளைத் திருத்தி 0.45 விநாடிக்குக் கொண்டுவந்தால் 2.7 வொர்க்கர்தான் தேவை, வரிசை தானாகக் கரைந்துவிடும். வொர்க்கரைக் கூட்டியிருந்தால் அதே சுமை டேட்டாபேஸின் தலையில் இறங்கியிருக்கும்.

வரிசை இப்போது நிற்கிறதா என்று பார்க்க சர்வரில் எஸ்எஸ் கட்டளையை லிசன் சாக்கெட்களுக்கு ஓட்டுங்கள். லிசன் நிலையில் உள்ள சாக்கெட்டுக்கு ரிசீவ் க்யூ காலம் காட்டுவது, ஏற்கப்படாமல் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அவ்வப்போது 5, 10 என்று எழும்பினால் வரிசை உண்மை.

திருத்திய பின்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே கணக்கு. லோட் டெஸ்ட் செய்யும்போது நிலையான வேகத்தில் ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். வெஜிட்டா, டபிள்யூஆர்கே2, கே6ல் கான்ஸ்டன்ட் அரைவல் ரேட் போன்றவை அப்படிப்பட்டவை. முந்தையதற்குப் பதில் வந்தபிறகே அடுத்ததை அனுப்பும் கருவி, சர்வர் 3 விநாடி முடங்கினால் தானும் 3 விநாடி நின்றுவிடும். அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான ரிக்வெஸ்ட்களின் துன்பம் அறிக்கையில் ஏறாது, 99ஆம் சதமானம் பொய்யாக அழகாகத் தெரியும்.

கேஷைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கணக்கு முழுதும் முடிந்த பிறகு, இன்னும் தேவைப்பட்டால் போடுங்கள். மெதுவான குவெரியின்மேல் போட்ட கேஷ் காலாவதியாகும் நொடியில் நூறு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் அதே குவெரியை ஓட்டும். குவெரி வேகமானதாக இருந்தால் அந்த நொடி யாருக்கும் தெரியாமல் கடந்துவிடும்.

திருத்தத்தைக் காப்பாற்ற டெஸ்டில், எத்தனை குவெரி ஓடியது என்று சரிபார்க்கும் அசெர்ட் நம் குவெரீஸ் (assertNumQueries) போடுங்கள். ஆர்டர் பட்டியல் பக்கத்தை 2 ஆர்டரோடு ஒருமுறையும் 20 ஆர்டரோடு ஒருமுறையும் அழைத்து, இரண்டிலும் குவெரி எண்ணிக்கை 3 தான் என்று சரிபார்க்க வேண்டும். ஒரே ஓர் ஆர்டரை வைத்து எழுதிய டெஸ்ட், நாளை யாராவது சீரியலைசரில் ஒரு ஃபீல்டைச் சேர்த்து என் பிளஸ் ஒன்னைத் திரும்பக் கொண்டுவந்தால் எண்ணை 4 என்று மாற்றிவிட்டுப் போக இடம் கொடுக்கும். இரண்டு அளவுகளில் எண்ணினால் 2க்கு 5, 20க்கு 23 என்று உடையும், காரணத்தையும் அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.